பையனை யாரிடம் காட்டுவது? காரைக்குடிப் பக்கம் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

தேவகோட்டை அம்மா:
என் பையன் பதினொன்றாம் வகுப்பு. கொஞ்ச நாளாகத் தூக்கமே இல்லை, ட்யூஷனுக்கும் போக மாட்டேன் என்கிறான். அவன் அப்பா சிங்கப்பூரில். அப்பத்தா குன்றக்குடிக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசினால் சரியாகும் என்கிறார். காரைக்குடியில் 'சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு போட்ட ஒரு இடத்துக்குப் போனேன். சுவர் நிறைய சர்டிஃபிகேட், ஒன்றும் விளங்கவில்லை. பத்து சிட்டிங்குக்கும் முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

புதுவயல்காரன்:
முதலில் 14416-க்குப் பேசுங்கள் அக்கா. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கோட்டையூர் பெண்:
ஆச்சி, பணம் கட்டாதீர்கள். நான் மதுரையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மருந்து எழுதுவது மனநல மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் எம்.டி. போன்ற மேற்படிப்பும் படித்தவர். என்னைப் போன்றவர்கள் சோதனை செய்வோம், பேச்சு வழியில் சிகிச்சை தருவோம். மாத்திரை எழுதக்கூடாது. எழுதிக் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்களுக்கு ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அந்தப் பதிவு எண்ணை சி.ஆர்.ஆர். எண் என்பார்கள். அவர்கள் இணையதளத்திலேயே தேடலாம். நான் படித்த காலத்தில் இரண்டு வருட எம்.ஃபில்., பாதி நாள் வார்டில்தான் கழிந்தது. ஒவ்வொரு கேஸையும் மூத்தவர் முன்னால் வைத்துத் திட்டு வாங்க வேண்டும். அந்தத் திட்டுதான் படிப்பே! இப்போது படிப்புகளின் பெயர் மாறிக்கொண்டிருக்கிறது, அதனால் சுவரைப் பார்க்காமல் பதிவைப் பாருங்கள். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருப்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள், பிஎச்.டி. வாங்கியவரும் போட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகளைப் பார்ப்பது தனிப் பழக்கம். குழந்தை, வளரிளம் பருவத்தினருக்கென்றே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் டி.எம். படிப்பு இருக்கிறது, எம்.டி.க்கு மேல் மூன்று வருடம். அப்படிப் படித்தவர் நம் பக்கம் கிடைப்பது அரிது. அதனால், "இந்த வயதுப் பிள்ளைகளை யார் மேற்பார்வையில் பார்த்துப் பழகினீர்கள்?" என்று நேராகக் கேளுங்கள். பழகியவர் கோபப்பட மாட்டார். பையனிடம் தனியாகவும் உங்களிடம் தனியாகவும் பேசாமல் பத்து சிட்டிங் என்று எப்படிக் கணக்குப் போட்டார்களோ, எனக்குப் புரியவில்லை.

குன்றக்குடிக்கும் போய்விட்டு வாருங்கள், அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சாவதைப் பற்றிப் பேசினாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கானாடுகாத்தான் வாத்தியார்:
எல்லாம் சரி, கவுன்சிலர்களை ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். எங்கள் பள்ளிக்கு வருகிறவர் சமூகப்பணியில் எம்.எஸ்.டபிள்யூ. படித்த பெண். எங்கள் கண்ணில் படாத ஒரு பிள்ளையை அவர்தான் கண்டுபிடித்து மருத்துவரிடம் அனுப்பினார்.

கோட்டையூர் பெண்:
உண்மைதான் சார். தன்னால் முடியாததை மேலே அனுப்பத் தெரிந்தவர் என்றால் நானே அவரிடம் அனுப்புவேன். வார இறுதி வகுப்பில் சர்டிஃபிகேட் வாங்கிவிட்டு எல்லாவற்றையும் தானே பார்ப்பவரிடம்தான் பயம்.

தேவகோட்டை அம்மா:
ஆர்.சி.ஐ. தளத்தில் தேடினேன், அந்தக் காரைக்குடி சைக்காலஜிஸ்ட் பெயர் வரவில்லை. போன் போட்டுக் கேட்டால், "நம்பிக்கை இல்லாவிட்டால் வராதீங்க" என்றார். திங்கட்கிழமை சிவகங்கை மெடிக்கல் காலேஜுக்குப் போகிறோம்.

கோட்டையூர் பெண்:
நல்லது ஆச்சி. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டு மனநலப் பிரிவு என்று கேளுங்கள். அதுவரை அவன் எத்தனை மணிக்குப் படுக்கிறான், எப்போது எழுகிறான் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஏதாவது மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறான் என்றால் அந்த அட்டையையும் எடுத்துப் போங்கள்.