டென்ட் மாடில ஒழுகல, ஜவ்வாது மலைல ஒழுகிடுச்சு, இத நம்பி கும்டா பக்கம் போலாமா?

சத்துவாச்சாரி_சைக்கிள்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க 3 பேர் காலாண்டு லீவுல காந்தி ஜெயந்தியோட சேத்து 4 நாள் கர்நாடகா கடற்கரை பக்கம், கும்டா கோகர்ணம் ஏரியால டென்ட் போட்டு தங்கலாம்னு இருக்கோம். டென்ட் என் கசின் 2017-ல வாங்கினது, 3 ஆள் டென்ட், அவன் ரெண்டு வாட்டி யூஸ் பண்ணிட்டு மாடி ரூம்ல போட்டு வெச்சிருந்தான். போன மாசம் எங்க மாடில விரிச்சு டியூப் வெச்சு கால் மணி நேரம் தண்ணி அடிச்சேன், உள்ள ஒரு சொட்டு இல்ல. நம்பி ஜவ்வாது மலைல ஜமுனாமரத்தூர்ல ஒரு தெரிஞ்சவர் நிலத்துல போட்டோம், ராத்திரி சுமாரான மழைதான், விடியறப்போ பெட்ஷீட்ல இருந்து சட்டை வரைக்கும் நனைஞ்சு போச்சு. இன்னாடா இது, மாடில ஒழுகாதது மலைல எப்படி ஒழுகும்னு புரியல. புதுசு வாங்க காசு இல்ல. சரி பண்ண முடியுமா?

காட்பாடி_ஜங்சன்:
லாட்ஜ் போடு மாமே.

பாலாத்து_மணல்:
தம்பி, "நனைஞ்சு போச்சு"ன்னா பத்தாது, எங்க நனைஞ்சுதுன்னு சொல்லு. டென்ட்டுக்குள்ள தண்ணி வர வழி பல தினுசு. மேல உள் துணில முத்து முத்தா நின்னு விடிகாலைல சொட்டுச்சா? ஓரத்துல குட்டையா தேங்கிச்சா? இல்ல நடுவுல ஈரமா? ஜன்னல் தொறந்து வெச்சீங்களா? கீழ இன்னா விரிச்சீங்க?

சத்துவாச்சாரி_சைக்கிள்:
அண்ணா யோசிச்சு பாத்தா மூணுமே கொஞ்சம் கொஞ்சம் இருந்துச்சு. குளிருதுன்னு ஜன்னல், மேல இருக்கற சின்ன காத்து ஓட்டை எல்லாத்தையும் மூடிட்டோம். கீழ லாங்கு பஜார்ல வாங்கின நீல தார்ப்பாய், டென்ட்ட விட பெருசு, நாலு பக்கமும் ஒரு அடி வெளிய நீட்டிக்கினு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணு, என் பக்கத்துல இடுப்பு தோள்பட்டை வெச்ச எடத்துல மட்டும் ஈரம் ஜாஸ்தி, பை வெச்சிருந்த எடம் அவ்ளோ இல்ல.

பாலாத்து_மணல்:
பாதி பதில் நீயே சொல்லிட்ட. மேல இருந்து சொட்டினது மழை இல்ல, உங்க மூணு பேரோட மூச்சு. எல்லா ஓட்டையும் அடைச்சா மூச்சுல இருக்கற ஈரம் குளிர்ந்த துணில பட்டு தண்ணியாத்தான் ஆவும், எவ்ளோ ஒசத்தி டென்ட்டா இருந்தாலும் இதான். மழை பெஞ்சாலும் மேல் ஓட்டைய மூடாத. ஓரத்துல தேங்கினது தார்ப்பாய் பண்ண வேலை, வெளிய நீட்டிக்கினு இருந்தா மேல் கவர்ல வழியற தண்ணி அதுல விழுந்து நேரா டென்ட்டுக்கு அடில ஓடும், நீயே வாய்க்கால் வெட்டி விட்ட மாதிரி. தார்ப்பாய் டென்ட் தரைய விட நாலு விரல் சின்னதா உள்ளாற மடங்கி இருக்கணும். மாடில தார்ப்பாயும் இல்ல, யாரும் படுக்கவும் இல்ல, அதான் உனக்கு தெரியல.

ஆம்பூர்_ஷூ_லைன்:
அந்த இடுப்பு, தோள்பட்டை ஈரத்துக்கு நான் சொல்றேன், நமக்கு தெரிஞ்ச பொழப்பு இது. டென்ட் துணிக்கு உள்பக்கம் பாலியூரித்தேன் கோட்டிங் இருக்கும், நாங்க ஷூ சோல் ஊத்தறதும் அதே வகைதான். வருஷக்கணக்கா பெட்டியில வெச்ச ஷூவ எடுத்து போட்டா சோல் பிஸ்கட் மாதிரி உதிருது பாருங்க, அது தேஞ்சு இல்ல, ஈரமும் சூடும் சேந்து அந்த பொருளையே அரிச்சுடும். மாடி ரூம்ல நம்மூர் வெயில்ல, அதுவும் ஈரத்தோட மடிச்சு வெச்சிருந்தா கேக்கவே வேணாம். தரைய தொட்டு பாருங்க, பிசுபிசுன்னு இருக்கா, புளிச்ச நாத்தம் வருதா, வெள்ளையா தோல் உரியுதா? சும்மா தண்ணி பட்டா தாங்கும், ஆள் வெயிட் அழுத்தினா கீழ இருக்கற ஈரத்த மேல ஏத்திடும்.
ஒரு டெஸ்ட். சாக்க நல்லா நனைச்சு விரிச்சு அது மேல டென்ட் தரை, உள்ள டிஷ்யூ பேப்பர், அது மேல முட்டி போட்டு ரெண்டு நிமிஷம்.

சத்துவாச்சாரி_சைக்கிள்:
பண்ணிட்டேன் பாஸ். டிஷ்யூ தொப்பல். பிசுபிசுப்பும் இருக்கு, நாத்தமும் இருக்கு, நான் அது என் சாக்ஸ்னு நெனச்சேன். மேல் கவர் மட்டும் நல்லா இருக்கு, தையல் மேல ஒட்டின டேப் ஒரு பக்கம் ஒரு ஜாண் எழும்பி நிக்குது.

ஆம்பூர்_ஷூ_லைன்:
மேல் கவர் தப்பிச்சுது, விடுங்க. எழும்பின டேப்ப உரிச்சுட்டு தையலுக்கு உள்பக்கமா பாலியூரித்தேன் சீம் சீலர் (தையல் ஓட்டைய அடைக்கற பசை) தடவுங்க, சிலிகான் வாங்கிடாதீங்க, இந்த கோட்டிங் மேல அது பிடிக்காது. ஒரு நாள் முழுக்க காய விடணும். தரைக்கு மறுபடி கோட்டிங் அடிக்கறது வெட்டி வேலை. கெட்டி தார்ப்பாய டென்ட்டுக்கு உள்ள விரிங்க, ஓரத்த ஒரு சாண் மேல மடிச்சு விட்டு தட்டு மாதிரி. கீழ இருந்து ஏறற தண்ணி அதுக்கு அடிலயே நின்னுடும்.

குடியாத்தம்_மருமக:
தம்பி நான் கும்டா பக்கம் 6 வருஷம் இருந்தேன், வீட்டுக்காரருக்கு அங்க வேலை. டென்ட்ட சரி பண்ணிடுவ, ஆனா நீ ஜமுனாமரத்தூர் கணக்க வெச்சு போற, அதான் எனக்கு கவலை. நம்ம வேலூருக்கு வருஷம் பூரா பெய்யறது கிட்டத்தட்ட 1000 மில்லிமீட்டர், அங்க ஜூலை ஒரு மாசமே அவ்ளோ பெய்யும். நீ போறப்போ தென்மேற்கு பருவமழை அடங்கற நேரம், அவ்ளோ மோசம் இல்ல, சாயந்தரம் இடியோட வரும். ஆனா நம்மூர்ல மழை விட்டா ஒரு மணி நேரத்துல துணி காஞ்சிடும், அங்க காயாது, கடல் காத்துலயே ஈரம், கயித்துல போட்ட பனியன் மூணு நாள் கழிச்சும் அதே ஈரத்தோட, மேல பூஞ்சை வேற. ஒழுகாம இருந்தாலும் ரெண்டாம் நாள் நீ ஈரத்துலதான் இருப்ப.
அதனால தூங்கறதுக்குன்னு ஒரு செட் துணிய ரெண்டு பிளாஸ்டிக் கவர் போட்டு கட்டி வை, பகல்ல என்ன ஆனாலும் அத தொடாத. காலையில நேத்து போட்ட ஈர துணியவே மறுபடி மாட்டிக்கணும், அருவருப்பா இருக்கும், பழகிடும். ஜீன்ஸ் வேணாம். ராத்திரி கால நல்லா தொடச்சு பவுடர் போட்டு விடு, இல்லன்னா சேத்துப்புண்ணு வந்து நடக்க முடியாது. கால்ல வெட்டுக்காயம் இருந்தா தேங்கின தண்ணில எறங்காத, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். காட்டுக்குள்ள அட்டை ஏறும், புடுங்கி இழுக்காத, உப்பு மூட்டை ஒண்ணு கைல இருக்கட்டும்.

சத்துவாச்சாரி_சைக்கிள்:
அக்கா எங்க போடலாம்? பீச் மணல்லயே?

குடியாத்தம்_மருமக:
வேணாம் சாமி. அகநாசினி ஆறு கடல்ல சேர்ற எடம் அது, அமாவாசை பௌர்ணமிக்கு தண்ணி எந்த அளவுக்கு ஏறும்னு வெளியூர்காரனுக்கு தெரியாது. தென்னைக்கு அடில போடவே போடாத, காய் விழும். காடுன்னா வனத்துறை அனுமதி இல்லாம கூடாது. தோட்டம் வெச்சிருக்கற வீட்டுல கேட்டு காசு குடுத்து மேட்டு எடமா பாத்து போடு, அவங்க கழிப்பறையும் கிணறும் இருக்கும். கோகர்ணம் பக்கம் இருக்கற தடடிக்கும் அகநாசினி ஊருக்கும் நடுவுல படகு ஓடும், ஆத்த தாண்டி அந்த பக்கம் கூட்டம் கம்மி. கடல்ல குளிக்கறத ஊர் மீன்காரங்கள கேட்டுட்டு செய்.

பாலாத்து_மணல்:
இன்னொரு தார்ப்பாய், 12க்கு 15 அடி, ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டி கூரை மாதிரி போடு. மொதல்ல அத கட்டிட்டு அதுக்கு அடில நின்னு டென்ட்ட விரி. அங்க உக்காரவும் சமைக்கவும் எடம் அதான், டென்ட்டுக்குள்ள அடுப்பு பத்த வெச்சுடாத. ஆனா கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய் ரயில்ல ஏத்த விடமாட்டாங்க, சமையல மறந்துட்டு ஊர்ல கஞ்சி, நீர்தோசை தின்னுக்கினு இரு.

காட்பாடி_ஜங்சன்:
சரி லாட்ஜ் வேணாம், இதயாவது கேளு. மங்களூர் மெயில் காட்பாடில நிக்கும், மறுநாள் மங்களூர் சென்ட்ரல்ல எறங்கி மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் புடிச்சா கும்டா. கொங்கண் ரயில்வேக்கு மழைக்காலத்துக்குன்னு தனி டைம்டேபிள், அக்டோபர் வரைக்கும் ஓடும், வண்டி மெதுவாதான் போவும். பழைய நேரத்த நம்பி டிக்கெட் போடாத.

சத்துவாச்சாரி_சைக்கிள்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். நேத்து ராத்திரி மழைல மாடிலயே நான் மட்டும் படுத்து பாத்தேன், தார்ப்பாய் உள்ள, மேல் ஓட்டை தொறந்து. தையல்கிட்ட மட்டும் ரெண்டு சொட்டு, முதுகு காஞ்சுதான் இருந்துச்சு. சீலர் இன்னும் வரல.

ஆம்பூர்_ஷூ_லைன்:
சூப்பர். திரும்பி வந்த அன்னிக்கே டென்ட்ட பையில இருந்து எடுத்து நிழல்ல ரெண்டு நாள் தொங்க விடுங்க, உங்க கசின் பண்ண தப்ப பண்ணாதீங்க.

சத்துவாச்சாரி_சைக்கிள்:
நிழல்னா எங்க மாடில தண்ணி டேங்குக்கு அடிலதான். அங்க அம்மா சின்ன வெங்காயம் கொட்டி வெச்சிருக்காங்க, இப்பவே பெர்மிஷன் கேட்டு வெக்கறேன்.