கொசு மருந்து வேலையில் மனதை விட்டுப் போகாத வீடு எது? எழுதுங்கள்

பள்ளிக்கரணை ஏரி

தனியார் பெஸ்ட் கன்ட்ரோலில் ஸ்பிரே வேலை. ஐப்பசி மழை நேரம், வேளச்சேரிப் பக்கம் ஓர் அடுக்குமாடி. மூன்றாவது மாடிப் பையன் டெங்குவோடு ஐசியுவில் கிடந்தான். சங்கச் செயலாளர் போன் போட்டு உடனே வந்து புகை அடிக்கச் சொன்னார்.

மெஷினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு சுற்று பார்த்துவிடுவது என் வழக்கம். முதல் மாடியில் ஒரு வீட்டுப் பின்பக்க பால்கனியில் நீல டிரம், பாதித் தண்ணீர். டார்ச் அடித்ததும் மேலே இருந்த பொடிப்புழுக்கள் மொத்தமாக நெளிந்து அடிக்கு இறங்கின. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு சின்னது. அந்த வீட்டம்மா பதறிப்போனார். "கோடையிலேர்ந்து மொட்டை மாடியில காஞ்சு கிடந்த டிரம் சார். நேத்துதான் இறக்கித் தண்ணி பிடிச்சேன். ஒரே நாள்ல எப்படி சார் புழு வரும்?"

அவர் பொய் சொல்லவில்லை. டிரம்மின் உட்சுவரில், பழைய தண்ணீர் நின்ற கோட்டில், மிளகைப் பொடித்து ஒட்டிய மாதிரி கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீரில் மிதக்கவிடாது, தண்ணீருக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டிவிடும். பிறகு டிரம் காய்ந்தாலும் முட்டைக்குள் புழு பல மாதம் உயிரோடு இருக்கும். தண்ணீர் ஏறித் தொட்டதும் பொரிக்கும். அதுவும் எல்லாம் ஒரே தடவையில் பொரிக்காது, அடுத்த நனைப்புக்கென்று கொஞ்சம் மிச்சம் இருக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது, தேங்காய் நார் போட்டுச் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள் என்று அந்தம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செயலாளர் கீழேயிருந்து கத்தினார்: "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். புகைய அடிங்க, ஜனங்க பாக்கணும்!"

அடித்தேன். எல்லோரும் போனில் படம் எடுத்தார்கள். அந்த "ஜனங்க பாக்கணும்" என்ற பேச்சு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், எழுதுங்கள்.

டிபிசி அக்கா, தென்காசி

எங்களை உள்ளேயே விடாத வீடு ஒன்று உண்டு தம்பி. டிபிசி என்றால் தினக்கூலிக்கு வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த்தொட்டியில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கும் வேலைதானே, கேட்டிலேயே "எங்க வீடு சுத்தம், கொசுவெல்லாம் கிடையாது" என்று அனுப்பிவிடுவார்கள். படித்த குடும்பம், வாசலில் கோலம், உள்ளே டைல்ஸ் பளபளவென்று. ஒருநாள் அவர்கள் வீட்டுப் பெண் பிள்ளை கதவைத் திறந்தாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். அதில் புழுவும் கூட்டுப்புழுவுமாகக் கிடந்தன. பாட்டிலில் எடுத்து வாயில் துணி கட்டி, "ஜன்னல்ல வச்சுப் பாரு கண்ணு, துணிய மட்டும் அவிழ்த்திராத" என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த சுற்றில் அந்தத் தெருவுக்குப் போனபோது பிள்ளை வாசலுக்கு ஓடிவந்தாள். கூட்டுப்புழு முதுகு வெடித்து, உள்ளேயிருந்து கொசு நிமிர்ந்து வந்து, கழற்றிப்போட்ட தோல் மேலேயே கொஞ்ச நேரம் நின்று சிறகு காயவைத்ததாம். காலில் வெள்ளை வளையம் இருந்ததாம். அவ்வளவும் ஒன்று விடாமல் சொன்னாள். அவள் அப்பா பின்னால் நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றையிலிருந்து மாடி வரைக்கும் போக விடுகிறார்கள். அந்தப் பாட்டிலைக் கொடுக்காமல் நான் ஆயிரம் நோட்டீஸ் கொடுத்திருந்தாலும் நடந்திருக்காது.

காலைப்புகை

நகராட்சியில் புகை மெஷின் தூக்குகிறவன். ஏரி அண்ணே, உங்கள் கதையைப் படித்தால் புகையே வெறும் காட்சி என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அது சரியில்லை.

அந்த டிரம்மில் நேற்றுப் பொரித்த புழுவா அந்தப் பையனைக் கடித்தது? கடித்த கொசு எங்கேயோ உயிரோடு பறந்துகொண்டிருந்தது. டெங்கு நோயாளியின் ரத்தத்தைக் குடித்த பெண் கொசுவுக்குள் வைரஸ் வளர்ந்து எச்சிலுக்கு வர எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். அதன் பிறகு சாகிற வரை அது கடிக்கிற இடமெல்லாம் நோய்தான். ஒரு வயிற்றுக்கு ரத்தம் சேர்க்க நாலைந்து பேரைக்கூடக் கடிக்கும், ஆள் கையை அசைத்தால் அடுத்த ஆளிடம் போய்விடும். தண்ணீரில் ஊற்றிப் புழுவைக் கொல்லும் அபேட் மருந்து அந்தக் கொசுவை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது.

என் அனுபவம் சின்னதுதான். காய்ச்சல் வீடு ஒன்றில் கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையை ஒதுக்கினேன். பட்டப்பகல், உள்ளே இருட்டு. சட்டைக்குள்ளிருந்து வரிக்கால் கொசுக்கள் கிளம்பி என் முகத்தில் மோதின. பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலோடு ஒரு பாப்பா, கொசுவலை கிடையாது.

அதனால் புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குச் சொல்கிறேன், ஏரி அண்ணனும் கோபிக்காமல் கேட்கட்டும். தெருவில் புகை விட்டால் கட்டிலுக்கடியில் இருக்கிற ஏடிஸுக்கு ஒன்றும் ஆகாது. அது வீட்டுக்குள், இருட்டில், துணி மேல் உட்கார்ந்திருக்கும். காய்ச்சல் வீட்டிலும் சுற்றியுள்ள வீடுகளிலும் உள்ளே போய்த்தான் அடிக்க வேண்டும். வீட்டுக்குள் அடிக்க இரண்டு சதவீத பைரித்ரம் மருந்து, ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு மண்ணெண்ணெய். அடுப்பை அணைக்கச் சொல்லுங்கள், இது முக்கியம். சாப்பாட்டை மூடச் சொல்லுங்கள், மீன் தொட்டி இருந்தால் வெளியே எடுக்கச் சொல்லுங்கள், பைரித்ரம் மீனுக்கு ஆகாது. ஜன்னல் கதவைச் சாத்தி அடித்துவிட்டு அரை மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். வெளியே அடிப்பதென்றால் விடிகாலை, இல்லாவிட்டால் பொழுது சாயும் நேரம். வெயிலில் அடித்தால் புகை நேரே மேலே போய்விடும். தெருவில் போகும்போது ஓடாதீர்கள், வண்டியும் மெதுவாகத்தான் போக வேண்டும். முகக்கவசம் இல்லாமல் அடிக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்க வைக்கச் சொல்வதும் நம் வேலைதான், காய்ச்சலுக்கு இரண்டு நாள் முன்பிருந்தே அவர் ரத்தம் கொசுவுக்கு வைரஸ் கொடுக்கிறது.

பள்ளிக்கரணை ஏரி

புகை வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? தேய்த்துக் கழுவுவதை அப்புறம் பார்க்கலாம் என்றார்களே, அதைத்தான் சொன்னேன். புகைக்கு ஆயுள் அந்த ஒரு வேளைதான். அதில் தப்பிய கூட்டுப்புழு மறுநாள் காலையில் கொசுவாகி வரும்.

ராயபுரம் கிணறு

நீங்கள் இரண்டு பேரும் ஏடிஸை விட்டு வரமாட்டேன் என்கிறீர்கள். வடசென்னையில் எங்களுக்கு மலேரியாதான் பழைய பகை. இங்கே அதைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீபென்சி என்கிற கொசு. அதற்குச் சாக்கடை பிடிக்காது. மூடியில்லாத மேல்நிலைத் தொட்டி, கிணறு, கட்டடம் கட்டுகிற இடத்தில் கான்கிரீட் இறுக (கியூரிங்) நிறுத்திய தண்ணீர், இப்படி நல்ல தண்ணீராகப் பார்த்து முட்டையிடும்.

ஒரு சைட்டில் ஒடிசாவிலிருந்து வந்த தம்பி ஒருவனுக்கு மலேரியா. தொட்டியெல்லாம் மருந்து போட்டோம், மூடி வைத்தோம், காய்ச்சலும் நின்றது. சில மாதம் கழித்து அதே பையனுக்கு நடுக்கல் காய்ச்சல். மேஸ்திரி என்னைப் பார்த்து, "காசு வாங்கிட்டுத் தண்ணியத்தானே அடிச்சிட்டுப் போனீங்க" என்றார், எல்லார் முன்னாலும்.

புதுசாகக் கொசு எதுவும் கடித்திருக்க வேண்டியதில்லை. வைவாக்ஸ் என்கிற வகை மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் தூங்கிக்கொண்டு கிடந்து மாதக்கணக்கில் கழித்துக்கூட எழும். அதற்குத்தான் பிரைமாகுயின் மாத்திரை பதினான்கு நாள் கொடுக்கிறார்கள். பையன் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தான், அட்டையில் பாதி அப்படியே அவன் பையில் இருந்தது. அந்த அட்டையை மேஸ்திரி கையில் கொடுத்தேன். அவர் பதில் பேசவில்லை. ஆனால் சைட்டில் எல்லோரும் அவர் சொன்னதைத்தான் கேட்டிருந்தார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்று. புழுவைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம். ஏடிஸும் கியூலெக்ஸ் இனக் கொசுவும் புழுவாக இருக்கும்போது வால்பக்கக் குழாயை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். அனாஃபிலிஸுக்குக் குழாய் கிடையாது, தண்ணீர்ப் பரப்போடு படுத்தபடி கிடக்கும். அசையாமல் கவனித்தால் உடம்பு அப்படியே இருக்க, தலையை மட்டும் முழுசாகத் திருப்பி மேல்பரப்பில் மேய்வதைப் பார்க்கலாம். கிணற்றில் வாளி விட்டு எடுத்து முதன்முதலில் அதைப் பார்த்தபோது வேலையை மறந்து நின்றுவிட்டேன்.

மன்னார் வளவு

ராயபுரத்தார் சொல்லும் அதே நுளம்பு (உங்கட கொசு) எங்கட பக்கமும் வந்துவிட்டது. இலங்கையில் உள்ளூரில் பரவிவந்த மலேரியா 2012ஓடு நின்றது, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்று தந்தது. அந்த வருசக் கடைசியிலேயே மன்னாரில் ஸ்டீபென்சி பிடிபட்டது. முந்தி எங்களுக்கு மலேரியா தந்தது ஆற்றங்கரைக் குட்டைகளில் பெருகும் கூலிசிஃபேசிஸ் என்ற நுளம்பு. இது வீட்டுக் கிணற்றில் பெருகுகிற இனம்.

ஒரு வளவில் கிணற்றில் இருந்த குடம்பிகளை (நுளம்புப் புழுக்களை) தின்ன மீன் விட்டோம். திரும்பிப் போனபோது மீன் இல்லை. வீட்டுக்கார ஐயா சொன்னார்: "தம்பி, மலேரியாதான் ஒழிஞ்சு போச்சே. குடிக்கிற தண்ணிக்குள்ள மீன் எதுக்கு?" அவர் இளம் வயதில் அந்தக் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர். அவரிடமிருந்து அந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. வெளிநாட்டில் தொற்றி வருகிற ஒரு பயணியும் இந்த நுளம்பும் ஒரே வளவில் சந்தித்தால் பழையபடி தொடங்கலாம் என்று விளங்கப்படுத்தினேன். கனநேரம் கதைத்தோம். மீனைத் திரும்ப விட ஓமென்றார், ஆனால் முகத்தில் நம்பிக்கை இல்லை.

உட்லண்ட்ஸ் தொழிலாளி

சிங்கப்பூரில் கொசு ஒழிப்பு வேலை, ஊர் பட்டுக்கோட்டை. காலைப்புகை அண்ணன் சொன்ன முறை சரிதான், ஆனால் ஒரே மருந்தையே அடித்துக்கொண்டிருந்தால் கொசு பழகிவிடும். இங்கே ஏடிஸுக்குப் பைரித்ராய்டு வகை மருந்துகளைத் தாங்கும் எதிர்ப்பு வந்திருக்கிறது. மருந்தை மாற்றி மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும், அளவையும் குறைக்கக் கூடாது.

எனக்கு மறக்காதது, வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஏற்றிய ஆண் கொசுக்களை விடுகிற அடுக்குமாடி புளோக் ஒன்று. நாங்கள் வேறு வேலைக்காக, வடிகாலுக்கு மருந்து போடப் போயிருந்தோம். சீருடையைப் பார்த்து ஒரு தமிழ்ப் பாட்டி பிடித்துக்கொண்டார். "காசு கொடுத்துக் கொசுவ அழிக்கிறோம், நீங்க கொண்டாந்து விடுறீங்களா?" தாழ்வாரச் சுவரில் உட்கார்ந்திருந்த ஒன்றைக் காட்டினேன். ஆணுக்கு முகத்தின் முன்னால் உணர்கொம்பு அடர்ந்த முடியோடு புசுபுசுவென்று இருக்கும், பெண்ணுக்கு மெல்லிசாக இருக்கும். ஆண் கடிக்காது பாட்டி, அது குடிப்பது செடிச்சாறும் தேனும்தான், இது சேர்ந்த பெண் கொசு இடுகிற முட்டை பொரிக்காது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டே போய் நெடுநேரம் பார்த்தார். "சரி, கடிச்சா உன்னத்தான் கேப்பேன்" என்றார்.

யானைக்கால் பிரிவு, ஓய்வு

சாக்கடைக் கொசுவை இங்கே யாரும் எழுதவில்லையே. கியூலெக்ஸ் என்றால் கடித்தால் அரிக்கும், அவ்வளவுதான் என்ற நினைப்பு. யானைக்கால் புழுவைச் சுமப்பது அதுதான்.

எங்கள் வேலையே இரவில். பத்து மணிக்குப் பிறகு கதவைத் தட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி விரலில் குத்தி ரத்தம் எடுப்போம். பகலில் அந்த நுண்புழுக்கள் நுரையீரல் ரத்தக் குழாய்களில் தங்கியிருக்கும், கொசு கடிக்கிற இரவு நேரத்துக்குச் சரியாகத் தோலுக்கடி ரத்தத்துக்கு வரும். ஒரு வீட்டில் திண்ணையில் கால் வீங்கிய ஆத்தா ஒருவர் விழித்தே இருந்தார். கையை நீட்டிக்கொண்டு கேட்டார்: "ஊர்க் கொசு எல்லாத்தையும் கொன்னுட்டா என் கால் வத்திருமாப்பா?"

வத்தாது ஆத்தா, ஆனால் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றி, புண் வராமல் பார்த்துக்கொண்டால் காய்ச்சலும் வலியும் குறையும், பேரப்பிள்ளைகளுக்கு இது வராமல் தடுக்கலாம் என்றேன். வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எல்லோரையும் எழுப்பி வரிசையாக உட்கார வைத்தார்.

ஒரு கொசு கடித்து யானைக்கால் வராது. புழு கொசுவுக்குள் வளருமே தவிரப் பெருகாது, மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கடி வாங்க வேண்டும். அதனால்தான் சாக்கடையை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பெஸ்ட் கன்ட்ரோல் தம்பிகள் அடுக்குமாடிக்குப் போனால் செப்டிக் டேங்க் காற்றுக்குழாய்க்கு வலை கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். அந்த ஒரு குழாய் வழியாகவே கூட்டம் கூட்டமாக வரும்.

புதுப்பையன் கரூர்

வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம்தான். ஒரு கடைக்காரர் தொட்டியில் அபேட் ஊற்றிவிட்டு வந்தேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, தொட்டிக்கு மேலே கொசு பறக்குது என்று சத்தம் போட்டார். மருந்து டூப்ளிகேட்டா?

டிபிசி அக்கா, தென்காசி

மருந்து நல்ல மருந்தாகவே இருக்கும் தம்பி. ஊற்றும்போது தொட்டியில் கூட்டுப்புழு இருந்திருக்கும். அது எதையும் தின்னாது, அபேட் அதற்கு அவ்வளவாகப் பலிக்காது, புழுவுக்குப் போடும் பாக்டீரியா மருந்தான பிடிஐ சுத்தமாகப் பலிக்காது. இரண்டு நாளில் கொசுவாகிக் கிளம்பிவிடும். குடிதண்ணீர் இல்லையென்றால் முழுசாகக் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவு. கொட்ட முடியாத பெரிய தொட்டி என்றால் வலையால் அரித்து எடுத்துவிட்டு, அப்புறம் மருந்து ஊற்று. ஐம்பது சதவீத மருந்தில் 500 லிட்டருக்கு ஒரு மில்லி, கூட ஊற்றாதே. மூடியில் ஓட்டை இருந்தால் துணி கட்டிவிட்டு வா. கடைக்காரரிடம் இதைப் போனில் சொல்லாமல் நேரில் போய், தொட்டியில் மிச்சம் கிடந்தால் எடுத்துக் காட்டிச் சொல்லு.