ஏற்காட்டுச் சுற்றுவட்டச் சாலையில் பன்னிரண்டு பேருடன் ஒருநாள் சைக்கிள் பயணம்: ஆலோசனை வேண்டும்

கேள்வி: அஸ்தம்பட்டி வாசி

வணக்கம். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பன்னிரண்டு பேர் சேலம் அஸ்தம்பட்டியில் புறப்பட்டு, கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏற்காடு ஏறி, மேலே 32 கிலோமீட்டர் சுற்றுவட்டச் சாலையையும் முடித்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கிவிட எண்ணியிருக்கிறோம். நால்வர் நன்றாக ஏறக்கூடியவர்கள். மூவர் மலை ஏறியதே இல்லை, அவர்களில் ஒருவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சென்ற முறை முன்னால் போனவர்கள் ஏரிக்கரையில் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க, கடைசியாக வந்தவர் தண்ணீர் தீர்ந்துபோய் ஒரு கொண்டை ஊசி வளைவில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரை அப்படி விட்டுவந்தது இன்றும் மனத்தை உறுத்துகிறது. இந்த முறை யாரும் தனியாக விடப்படாமலும், அச்சாலையில் நடந்து செல்லும் ஊர்மக்களுக்கு இடைஞ்சல் இல்லாமலும் போய்வர என்ன செய்யலாம்?

மறுமொழி: கோரிமேட்டுக்காரர்

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், புதியவர்கள் ஒரே காலையில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். மெதுவாக ஏறுபவரை முன்னால் விடுங்கள். அவருடைய வேகமே குழுவின் வேகமாக இருக்கட்டும். பன்னிரண்டு பேரும் ஒரே வரிசையாகப் போனால் பின்னால் வரும் கார்கள் முந்த இடமின்றித் திணறும் என்பதால், நால்வர் நால்வராகப் பிரிந்து, நடுவில் ஒரு கார் புகுந்து ஒதுங்கும் அளவு இடைவெளி விடுங்கள். ஒவ்வொரு நால்வரிலும் அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வர வேண்டும். பஞ்சர் ஒட்டும் சாமான்களும் காற்றடிக்கும் பம்பும் அவரிடமே இருக்கட்டும்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிலும் நிற்காதீர்கள். வளைவைக் கடந்து, சாலை அகன்று, இரு பக்கமும் பார்வை தெரியும் இடத்தில் மட்டும் ஒன்றுகூடுங்கள். இன்னொன்றைப் புதியவர்களுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். இடப்பக்கம் திரும்பும் வளைவில் பேருந்தின் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வருவதில்லை, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில்தான் சைக்கிள்காரர் ஒதுங்கி நிற்பார். ஆகவே பேருந்தின் ஓசை கேட்டவுடன் வளைவுக்கு முன்பே இறங்கி ஓரமாக நின்று, அது போன பிறகு ஏறுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுமொழி: நாகலூர்ப் பக்கம்

நாங்கள் மேலே குடியிருப்பவர்கள். மார்கழி காப்பி அறுவடைக் காலம். காலையில் தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக நடந்து செல்வார்கள், பனிமூட்டத்தில் பத்தடி தூரம்கூடச் சில நேரம் தெரியாது. ஆகவே முன்விளக்கும் பின்விளக்கும் பகலிலும் எரியட்டும். பின்னாலிருந்து வருகையில் தூரத்திலேயே மணியடித்து வேகத்தைக் குறையுங்கள். முதுகுக்குப் பின்னால் வந்து திடீரென்று கத்தினால், தலையில் சுமையோடு போகிறவர் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் சாலையின் நடுவுக்கே வந்துவிடுவார். காட்டெருமை சாலையில் நின்றால் அது நகரும் வரை தொலைவிலேயே நில்லுங்கள். படமெடுக்க அருகில் போக வேண்டாம்.

மறுமொழி: கன்னங்குறிச்சியிலிருந்து

பலர் ஏற்றத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள்; எனக்கு இறக்கம்தான் கவலை. மலை ஏறச் செலவிட்ட உழைப்பின் பெரும்பகுதி திரும்பும்போது பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டு ஆற விடுங்கள். ஏறிவரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது மலைச்சாலை வழக்கம் மட்டுமல்ல, 2017 ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் அதையே சொல்கின்றன. நாமும் அப்படியே ஒதுங்கி வழிவிட வேண்டும். மலையேறிக் களைத்த புதியவர்களைச் சுற்றுவட்டச் சாலைக்கும் அழைத்துச் செல்வது சரியல்ல என்பது என் கருத்து.

அஸ்தம்பட்டி வாசி

அனைவருக்கும் நன்றி. மூவரையும் அவர்களுடைய சைக்கிள்களோடு ஒரு சரக்கு வேனில் மேலே ஏற்றிவிட்டு, சுற்றுவட்டச் சாலையை அவர்களுடன் சேர்ந்து ஓட்டுவதாக இன்று மாலை முடிவு செய்தோம். இறங்கும்போதும் அந்த வேன் பின்னால் வரும். ஐம்பத்தெட்டு வயதுக்காரர், அவர் என் மாமா, முதல் நால்வருக்கு முன்னால் போக ஒப்புக்கொண்டு, சைக்கிளுக்கு மணி வாங்கக் கடைக்குப் போயிருக்கிறார்.