பொய்யான பாலியல் புகார், கமிட்டில இருந்து லெட்டர் வந்திருக்கு, என்ன பண்றது?

மலைக்காட்டான்:
கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில சூப்பர்வைசரா இருக்கேங்க. கூட வேலை பாக்குறவங்க ஒருத்தங்க, போன மாசம் ஒரு நாள் சாயங்காலம் 6 மணிக்கு கொழுந்து வாட வைக்கிற மாடில நான் கையப் புடிச்சு இழுத்தேன்னு ஃபேக்டரில பாலியல் புகார விசாரிக்கிற கமிட்டில எழுதிக் குடுத்திருக்காங்க. சத்தியமா நடக்கல. அன்னைக்கு நான் லோடு லாரியோட மேட்டுப்பாளையம் போயிட்டேன், எடைமேடை ரசீதுல 5.52ன்னு டைம் அடிச்சிருக்கு. திங்கக்கிழமை புகார் காப்பி கைக்கு வந்ததுல இருந்து தூக்கமே இல்ல. மேனேஜர் என்னடான்னா மன்னிப்பு லெட்டர் ஒண்ணு எழுதிக் குடு, இதோட முடிச்சுக்கலாம்ங்கிறார். வீட்டுல இன்னும் சொல்லல.

குன்னூர்வாசி:
லெட்டர் எழுதிக் குடுத்துடாதீங்கண்ணா. வக்கீல கூட்டிட்டு கமிட்டி முன்னாடி போய் நில்லுங்க, மானநஷ்ட கேஸ் போடுவேன்னு சொல்லுங்க, தானா வாபஸ் வாங்குவாங்க.

வக்கீல் அக்கா:
தம்பி, மேல சொன்னதுல மன்னிப்பு லெட்டர் வேணாம்ங்கிறது மட்டும்தான் சரி. கமிட்டி விசாரணைல ரெண்டு பக்கமும் வக்கீல் வரக்கூடாது, வேலை இடத்துல பாலியல் துன்புறுத்தலத் தடுக்கிற சட்டத்தோட 2013 விதிலயே இருக்கு. பதில் எழுத வெளிய வக்கீல்கிட்ட உதவி கேக்கலாம், தப்பில்ல. கேஸ் போடுவேன்னு மிரட்டுனா அதுவே உங்களுக்கு எதிரா நிக்கும், அந்தம்மாகிட்ட நேர்லயோ ஆள் விட்டோ வாட்ஸ்அப்லயோ ஒரு வார்த்தை பேசாதீங்க. காப்பி வந்ததுல இருந்து 10 வேலை நாளுக்குள்ள எழுத்துல பதில் போகணும், கூடவே ஆவணம், சாட்சிங்க பேரு விலாசம். ரசீது ஒரிஜினல பத்திரமா வச்சுக்கிட்டு ஜெராக்ஸ் குடுங்க. மாடிப் படிக்கிட்ட கேமரா இருந்தா அந்த தேதி பதிவ அழிக்காம எடுத்து வைக்கச் சொல்லி இன்னைக்கே எழுதிக் குடுங்க, பழசு மேல புதுசு ஏறிடும். சமரசம்ங்கிறது அந்தம்மா கேட்டாத்தான், அதுவும் விசாரணை தொடங்கறதுக்கு முன்னாடி. மேனேஜர் முடிச்சு வைக்கிற சமாச்சாரம் இல்ல இது.

மலைக்காட்டான்:
ரொம்ப நன்றிக்கா. பொய்னு ஆயிட்டா அவங்க மேல நடவடிக்கை உண்டா?

கமிட்டில இருந்தவள்:
அதே சட்டத்துல பொய்ப் புகாருக்குன்னு 14வது பிரிவு இருக்கு, ஆனா புகார நிரூபிக்க முடியலங்கிறதால மட்டும் பொய்ப் புகார்னு ஆகாது, கெட்ட எண்ணத்தோட செஞ்சாங்கன்னு விசாரிச்சு முடிவு பண்ணணும். இப்ப அதுல மனச விடாதீங்க. அவங்க தேதி மாத்திச் சொல்லிட்டேன்னு சொன்னா உங்க ரசீது பாதி வலு போயிடும், அதனால அந்த வாரம் முழுக்க எங்க இருந்தீங்க, கூட யாரு இருந்தாங்கன்னு இப்பவே எழுதி வைங்க. விசாரணைக்கு தவறாம போங்க, சரியான காரணம் இல்லாம தொடர்ந்து மூணு தடவ வரலன்னா நோட்டீஸ் குடுத்துட்டு நீங்க இல்லாமலே முடிவு எடுக்கலாம். விசாரணை 90 நாள்ல முடியணும், முடிவு எதிரா வந்தா அப்பீலுக்கும் 90 நாள் இருக்கு. முக்கியமா, அவங்க பேர வெளிய சொல்லாதீங்க, சட்டப்படி தப்பு. பயந்து வேலைய விட்டுடாதீங்க.

மலைக்காட்டான்:
லாரி டிரைவர் அண்ணன் சாட்சி சொல்ல வர்றேன்ட்டார். கேமராவுக்கு லெட்டர் குடுத்து கையெழுத்து வாங்கிட்டேன். ராத்திரி வீட்டுல சொல்லிடறேன்.