ஹிர்ஷ்ஸ்ப்ரங் குழந்தை: வீட்டில் குடல் கழுவும்போது உப்பு நீர் பாதிதான் திரும்புகிறது

தோட்டத்து அம்மா, சுங்கை சிப்புட்:
மகனுக்கு ஐந்து மாதம், 6 கிலோ. ஹிர்ஷ்ஸ்ப்ரங் (பிறவியிலேயே குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு முடிச்சுகள் இல்லாமல் மலம் சரியாக வெளியேறாத நோய்). ஆபரேஷன் வரைக்கும் தினம் ஒருமுறை வீட்டிலேயே கழுவச் சொல்லி ரப்பர் குழாயும் 60 மில்லி சிரிஞ்சும் கொடுத்தார்கள். நேற்று விட்டதில் பாதிதான் வந்தது. இன்னும் விடலாமா? சேலைன் தீர்ந்தால் கொதித்து ஆறிய தண்ணீர் ஆகுமா? பார்மசி எனிமா?

வார்டு மிஸ்ஸி (நர்ஸ்):
விடாதீங்க அக்கா. விட்டது திரும்பணும், மலமும் காற்றும் சேர்ந்து கூடவே வரணும். பாதி தங்கினால் நிறுத்திட்டு வார்டுக்குப் போன் போடுங்க.

பெரும்பாலும் குழாய் நுனி சுருங்கின பகுதியிலேயே நின்றுவிடும். அங்கே நரம்பு முடிச்சுகள் இல்லாததால் அந்தக் குடல் விரியாது. நீர் அதைத் தாண்டி மேலே போய் மாட்டிக்கும். அடுத்த தடவை குழாய்க்கு ஜெல் தடவி, மெதுவாக, வார்டில் காட்டின ஆழம் வரை. தடுத்தால் தள்ளாமல் கொஞ்சம் சேலைன் விட்டு மறுபடி நகர்த்துங்க. காற்று புஸ்ஸென்று வந்தால் சரியான இடம். பிறகு 20 மில்லி விட்டு, சிரிஞ்சைக் கழற்றி, குழாயை இடுப்புக்குக் கீழே தாழ்த்தி வடிய விடுங்க, வயிற்றை லேசாகத் தடவுங்க. சிரிஞ்சால் உறிஞ்சக் கூடாது. கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி என்பது வழக்கமான கணக்கு, உங்க பையனுக்கு மொத்தம் 60-120. சீட்டில் வேறு எழுதியிருந்தால் அதுதான்.

வலிக்குமென்று சின்னக் குழாய் வாங்காதீங்க, துளை அடைச்சுக்கும்.

ஈப்போ பார்மசி:
பச்சைத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கொதிச்சு ஆறின தண்ணீரும் வேண்டாம். குடல் உறிஞ்சினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். பார்மசியில் விற்கும் பாஸ்பேட் எனிமா அதைவிட மோசம்: வெளியே வராமல் தங்கினால் கால்சியம் விழும். 0.9 சதவீத சேலைன் ரெண்டு பாட்டில் கூடுதலாக வைத்திருங்க. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, மணிக்கட்டில் விட்டுப் பாருங்க. மைக்ரோவேவ் வேண்டாம், ஒரு பக்கம் சுடும்.

வார்டு மிஸ்ஸி:
இன்னொன்று. வயிறு மத்தளம் மாதிரி உப்பி, காய்ச்சல், நாற்றமடிக்கும் மலம் பீய்ச்சி அடித்தால், அல்லது பச்சை வாந்தி, சோர்வு இருந்தால் குடல் அழற்சியாக இருக்கலாம். காலையில் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீங்க. 999, இல்லாவிட்டால் நேராக ஈப்போ எமர்ஜென்சி. கவுன்டரிலேயே "ஹிர்ஷ்ஸ்ப்ரங்" என்று சொல்லுங்க. சொல்லாவிட்டால் சாதாரண வயிற்றுப்போக்கு என்று உப்புக் கரைசல் கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு. ஆபரேஷன் முடிஞ்ச பிறகும் இந்தக் குடல் அழற்சி வரலாம், முக்கியமாக முதல் ரெண்டு வருஷம். பாட்டி வசம்பு உரசிக் கொடுக்க வந்தால் தடுத்துடுங்க.

தோட்டத்து அம்மா:
நன்றி. வயிறு மிருதுவாகத்தான் இருக்கிறது, காய்ச்சல் இல்லை. வார்டுக்குக் கூப்பிடுகிறேன்.