1865-இல் அடிமை முறை ஒழிந்த பின்னும் ஏற்றத்தாழ்வு நீடிப்பது ஏன்?

குடியாத்தம் வாசகி:
வணக்கம். வேலூரில் முதுகலை வரலாறு படிக்கும் என் மகளிடம் உடன் படிக்கும் மாணவர் ஒருவர், "அமெரிக்காவில் அடிமை முறை 1865-லேயே ஒழிந்துவிட்டது, அதில் உழன்றவர் எவரும் இன்று உயிரோடில்லை, பிறகு கறுப்பினத்தவரின் இன்றைய வறுமைக்கு அதைக் காரணம் சொல்வது எப்படிச் சரியாகும்?" என்று கேட்டாராம். அவளுக்கு உடனே விடை சொல்ல வரவில்லை. பீடி முன்பணத்தை அடைப்பதற்காக என் பாட்டி என் அம்மாவையும் முறத்தின் முன் உட்கார வைத்தவர் என்பதால், இக்கேள்வியை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

காட்பாடி ஆசிரியர் (ஓய்வு):
அம்மா, விடுதலை பெற்ற நாளில் அவர்கள் கையில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஏறக்குறைய 40 இலட்சம் பேர் நிலமோ, தலைமுறை தலைமுறையாக உழைத்ததற்கான கூலியோ இல்லாமல் வெளியே வந்தார்கள். 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போரில் வடபுலப் படையை நடத்திய தளபதி ஷெர்மன், தென்கிழக்குக் கடற்கரை நிலங்களை விடுதலை பெற்றோரின் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துத் தர ஆணையிட்டார். அதே ஆண்டில் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அவற்றில் பெரும்பகுதி பழைய உடைமையாளர்களிடமே திரும்பிச் செல்ல வழி செய்தார். தலைநகர் வாஷிங்டனில் 1862-இல் விடுவிக்கப்பட்ட ஆள் ஒருவருக்கு 300 டாலர் வரை என்ற கணக்கில் இழப்பீடு வழங்கப்பட்டது. ஆனால் அதைப் பெற்றவர்கள் எஜமானர்கள். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. நிலமற்றவர்கள் அதே பண்ணைகளில், விளைச்சலில் ஒரு பங்கை நிலக்காரருக்குத் தரும் வாரமுறையில் பயிரிட்டார்கள். விதையும் உணவும் கடனாக வந்தன. கணக்கு நிலக்காரரின் கையில் இருந்ததால், அறுவடை முடிந்தும் பலருக்குக் கடனே மிஞ்சியது.

ஆற்காடு அன்பர் (வங்கிப் பணி):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு உடன்படுகிறேன். ஆயினும் எல்லாவற்றையும் 1865-க்கு முந்தைய காலத்தின்மேல் ஏற்றிவிட்டால், பின்னால் வந்த அரசுகள் தப்பித்துக்கொள்ளும். 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பண்ணைக் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கி வைத்தது. தென் மாநிலக் கறுப்பினத்தவரில் மிகப் பலர் செய்தது அந்த வேலைகளைத்தான். அதே பத்தாண்டில் அரசு அமைப்பு ஒன்று வரைந்த நகர வரைபடங்களில் அவர்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பாகக் குறிக்கப்பட்டன. அத்தகைய பகுதிகளுக்கு வீட்டுக்கடன் கிடைப்பது அரிதாயிற்று. வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது. சொந்த வீடில்லாத பெற்றோர் பிள்ளைக்கு எதை விட்டுச் செல்ல முடியும்? 2022-இல் அந்நாட்டு மத்திய வங்கி எடுத்த கணக்கின்படி, வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் சொத்து (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் சொத்து) 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டாலர்.

குடியாத்தம் வாசகி:
இருவருக்கும் நன்றி ஐயா. கணக்கு நிலக்காரரின் கையில் இருந்தது என்ற வரியை மட்டும் மீண்டும் மீண்டும் படித்தேன். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும், என் அம்மா சிறுமியாக இருந்தபோது வாங்கிய முன்பணம் தீரவில்லை. அது அடைந்தது எனக்கு நினைவு தெரிந்த பிறகுதான். நான்காம் வகுப்போடு நின்ற அவருடைய படிப்பு திரும்பி வரவேயில்லை. திரும்பப் பெறப்பட்ட அந்த 40 ஏக்கரிலிருந்தே தன் விடையைத் தொடங்கப் போவதாக மகள் சொல்கிறாள்.