மேற்கு வர்ஜீனியாவில் ஓடையைப் பழையபடி கட்டிவிட்டார்களாம்!

முந்திரிக்காடு:
நேற்று நம் மன்றத்தின் நெய்வேலி சுரங்க இழையில் சுரங்கவாசி ஒரே போடாகப் போட்டிருந்தார்: "மேற்கு வர்ஜீனியாவில் மலையை வெட்டி நிலக்கரி எடுத்தார்கள், பிறகு ஓடை முதற்கொண்டு பழையபடி கட்டிக் கொடுத்துவிட்டார்கள். இங்கே மட்டும் ஏன் கூப்பாடு?" படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே உடைத்த பாறையை எங்கே கொட்டினார்கள் தெரியுமா? ஓடை பிறக்கிற பள்ளத்தாக்கிலேயே கொட்டி மூடினார்கள். அந்த அப்பலாச்சிய மலைப்பகுதி முழுவதும் அப்படிப் புதைந்த ஓடைகளின் நீளம் 2,000 மைலை நெருங்குகிறது என்று 2010-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையே சொன்னது. பதிலுக்குச் "சீரமைத்த" 434 ஓடைத் திட்டங்களை ஆய்வாளர்கள் மார்கரெட் பாமரும் கெல்லி ஹோண்டுலாவும் 2014-ல் அலசினார்கள். 5 ஆண்டு கண்காணிப்புக்குப் பிறகும் 97 சதவீதத் திட்டங்களில் நீர்வாழ் உயிர்களின் வாழிடம் சுமார் ரகம், அல்லது அதற்கும் கீழே. இதுதான் பழையபடியா?

சுரங்கவாசி:
அந்த 97 எப்படி வந்தது என்று படித்தீர்களா? பெரும்பாலும் கண்ணால் பார்த்துப் போட்ட மதிப்பெண். கரையில் நின்று பார்ப்பது, தாளில் எண் எழுதுவது, அவ்வளவுதான். இதற்குப் பெயர் அளவீடா? அங்கே சுரங்க நிலத்தைச் சீரமைக்க 1977-லிருந்து சட்டம் இருக்கிறது. நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஓடை என்றால், நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 6 மணி நேர மழையைத் தாங்க வேண்டும். நான் இந்தத் துறையிலேயே தலை நரைத்தவன். நாலு கட்டுரை படித்துவிட்டு எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

முந்திரிக்காடு:
கண்ணால் பார்த்தது யாருடைய கண் ஐயா? திட்டத்தைச் செய்தவர்கள் ஆண்டுதோறும் அரசுக்குக் கொடுத்த அறிக்கைகள் அவை. தங்கள் பிள்ளைக்குத் தாங்களே போட்ட மார்க்கே இந்த லட்சணம்! நூறாண்டு மழையைத் தாங்குவது வாய்க்காலின் கொள்ளளவு. அதில் உயிர் வாழ்கிறதா என்பது வேறு கேள்வி.

சுரங்கவாசி:
கண்ணால் பார்த்தது கண்ணால் பார்த்ததுதான். யார் பார்த்தால் என்ன? அளவு எங்கே?

முந்திரிக்காடு:
அளவா? மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான திட்டங்கள்தான் உயிரினக் கணக்கோ வேதியியல் கணக்கோ கொடுத்தன. கொடுத்தவற்றிலும் பெரும்பாலானவை தேறவில்லை. செலினியம் என்ற தனிமத்தை அளந்த 11 திட்டங்களில் 7-ல் அது நீர்வாழ் உயிர்களைக் கெடுக்கிற அளவுக்கு இருந்தது. அளக்காமல் விட்டது யார், "அளவு எங்கே" என்று இப்போது கேட்பது யார்?

கொள்ளிடத்தான்:
இரண்டு பேரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள், மண்ணை மறந்துவிட்டீர்கள். அங்கே திரும்ப நிரப்பிய சரிவு சரியக்கூடாது என்று புல்டோசரை ஏற்றி ஏற்றி இறுக்கினார்கள். இறுகிய தரையில் மழை இறங்காது, தார்ச்சாலையில் ஓடுவதுபோல ஓடும். ஓடுகிற நீர் கீழே இருக்கும் வாய்க்காலைக் குடையும். அதனால்தான் பின்னால் மேலே நாலடி மண்ணை இறுக்காமல் விட்டு நாட்டு மரம் நடச் சொன்னார்கள். நம் பக்கத்துச் சுரங்க மண்மேடுகளையும் கிட்டப் போய்ப் பாருங்கள், படிப்படியாக வெட்டியிருப்பார்கள். படியின் ஓரத்தில் நீர் தேங்கி ஒரு இடத்தில் வழியும், முதல் மழையில் விரல் அகலக் கீறல். ஐப்பசி முடிவதற்குள் அதற்குள் ஆள் இறங்கி நிற்கலாம். நட்ட கன்று வேரை வெளியே காட்டிக்கொண்டு தொங்கும். அடியில் வடிகால் முழுக்க விசிறியாகப் பரந்த மணல். மேலே எத்தனை ஆயிரம் கன்று நட்டோம் என்ற பலகை மட்டும் அசையாது.

சுரங்கவாசி:
தம்பி, படிவெட்டு பழைய முறை. நியூ மெக்சிகோவில் லா பிளாட்டா சுரங்கத்தைப் பாருங்கள். படியும் இல்லை, நேராக இறங்கும் கல் பதித்த வடிகாலும் இல்லை. பக்கத்து இயற்கை நிலத்தை அளந்து, மேலே குவிந்து கீழே குழியும் சரிவு, வளைந்து இறங்கும் சின்னச் சின்ன ஓடைகள் என்று கணினியில் வடிவமைத்து அப்படியே தரையில் செய்தார்கள். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. அதற்கு முந்திரிக்காடு என்ன சொல்கிறார்?

முந்திரிக்காடு:
அது மழை குறைந்த வறண்ட நிலம். அங்கே நிலத்தின் வடிவத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், நன்றாகவே செய்தார்கள். நீங்கள் சொன்னது மேற்கு வர்ஜீனியா. பேச்சை மாற்ற வேண்டாம். அங்கே உடைந்த பாறைக்குவியலுக்குள் மழை புகுந்து, சல்பேட்டையும் உப்பையும் கரைத்துக்கொண்டு அடிவாரத்தில் கசிகிறது. தண்ணீரில் உப்பு கூடக் கூட அதன் மின்கடத்துதிறன் ஏறும்; அது சென்டிமீட்டருக்கு 300 மைக்ரோசீமென்ஸைத் தாண்டினாலே சில நீர்ப்பூச்சியினங்கள் காணாமல் போகும் என்று 2011-ல் முகமை வரையறுத்தது. ஓடையை எவ்வளவு அழகாக வளைத்தாலும் வருகிற தண்ணீர் அதே தண்ணீர்தானே? 97-க்குப் பதில் சொல்லுங்கள்.

சுரங்கவாசி:
கண்ணால் பார்த்த 97-க்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

பெருமாள்ஏரி:
அமெரிக்காவை விடுங்கள். 2023 ஜூலையில் நெய்வேலி சுரங்கத்துக்காக வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெல்லின் மேல் இயந்திரத்தை இறக்கினார்களே, அது பரவனாற்றைத் திருப்பிவிடத்தான். அந்த ஆறு வந்து சேர்வது எங்கள் பெருமாள் ஏரியில். ஏரி தூர்ந்து கிடக்கிறது. மேட்டிலிருந்து கரைந்த மண் எங்கே போகும் என்று சுரங்கவாசி சொல்லட்டும்.

சுரங்கவாசி:
வந்துவிட்டார்கள்! விளக்கு எரிய மின்சாரம் வேண்டும், சுரங்கம் மட்டும் வேண்டாம். அந்த இழப்பீட்டு இழையில் என்னைக் கைக்கூலி என்று எழுதியவர்தானே நீங்கள்? நான் மறக்கவில்லை.

பெருமாள்ஏரி:
எழுதினேன். இன்றும் அதையேதான் எழுதுவேன். மின்சாரம் எல்லோருக்கும் போகிறது, மண் மட்டும் எங்களுக்கு வருகிறது.

கொள்ளிடத்தான்:
அண்ணே, என் மண் இறுக்கம் பற்றி யாருமே பேசவில்லையே.

முந்திரிக்காடு:
பேசலாம். முதலில் இவர் பதில் சொல்லட்டும். புதைந்தவை பெரும்பாலும் ஆண்டில் சில காலம் மட்டும் ஓடும் தலை ஓடைகள். சீரமைத்ததாகக் காட்டியவை பெரும்பாலும் ஆண்டு முழுவதும் ஓடும் ஓடைகள். அழித்தது ஒன்று, கணக்குக் காட்டியது வேறொன்று. இதைப் "பழையபடி" என்று எழுதிய கை எது? ஓடை பிறக்கும் இடம் போனால் கீழே இருப்பது வடிகால். அதில் எவ்வளவு கல் பதித்தாலும் வடிகால்தான்.

சுரங்கவாசி:
ஆண்டு முழுவதும் ஓடுவதைச் சரிசெய்தால் அதுவும் குற்றமா? எதைச் செய்தாலும் குறை சொல்ல ஒரு கூட்டம். அப்புறம், அந்த மதிப்பெண் முறையை எத்தனை பேர் எத்தனை விதமாகப் போட்டார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

முந்திரிக்காடு:
பார்த்துவிட்டுத்தான் வந்தேன். 97.

சுரங்கவாசி:
கண்ணால் பார்த்தது.

மட்டுறுத்துநர்:
கைக்கூலி முதலிய சொற்கள் இனி வந்தால் நீக்கப்படும். இருவரும் தலைப்புக்குள் நில்லுங்கள்.

பெருமாள்ஏரி:
தலைப்புக்குள்தான் நிற்கிறேன். மண் எங்கே போகும் என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

சுரங்கவாசி:
நாளை வரைபடத்தோடு வருகிறேன். அதுவரை முந்திரிக்காடு வேறு கட்டுரை தேடட்டும்.

முந்திரிக்காடு:
வரைபடம் எதற்கு? ஓடைத் தண்ணீரின் கணக்கைக் கொண்டு வாருங்கள்.